ஆய்வகத்து வாசலில் கோடு கிழிப்பது யார்?

தமிழ்நாட்டில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும் ஒரு பலகை கண்ணில் படும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதும் சொல்வதும் சட்டப்படி குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு கருவியால் செய்ய முடிகிற ஒன்றைச் செய்ய விடுவதில்லை என்று சமூகம் எடுத்த முடிவு அது. ஆய்வுக்கும் கண்டுபிடிப்புக்கும் சமூகம் வரம்பு விதிக்கலாமா என்ற கேள்வி கருத்தரங்குகளில் இன்னும் விவாதமாகவே இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்களோ அந்த வரம்புக்குக் கீழே போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, முறை வரும்வரை காத்திருக்கிறார்கள்.

வயிற்றுக்குள் ஒலியலைகளை அனுப்பிக் கருவைப் படமாகப் பார்க்கும் முறையைக் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் இயன் டொனால்டும் அவரது குழுவினரும் 1958-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கட்டிகளையும் கருவின் வளர்ச்சியையும் கத்தியின்றிப் பார்ப்பதே அவர்கள் நோக்கம். இந்தியாவுக்கு வந்தபோது அதே கருவி பெண் சிசுவைத் தேடிப் பிடிக்கும் கருவியாகவும் ஆயிற்று. ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-இல் அது 927 ஆகக் குறைந்தது. பெண் சிசுக்கொலைக்காகச் சேலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களின் பெயர் அடிபட்டு, 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த காலமும் அதுவே. பிறந்தபின் நடந்த கொலையைக் கருவி பிறப்புக்கு முன்னால் நகர்த்தியது. மகாராஷ்டிரம் 1988-இல் சட்டம் போட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1994-இல் நிறைவேறி 1996-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டம் ஸ்கேன் கருவியைத் தடை செய்யவில்லை. ஒலியலை ஆராய்ச்சியையும் தொடவில்லை. கருவி எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதில் மட்டுமே கை வைத்தது. அதற்கும் விலை உண்டு. பதிவு செய்த இடத்தை விட்டுக் கருவியை நகர்த்துவதற்குக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், அவசரத்துக்குக் கட்டிலருகே கொண்டுபோகக்கூடிய சிறிய ஸ்கேன் கருவிகளின் பயன் இங்கே குறைந்துபோகிறது. படிவத்தில் எழுத்துப்பிழை செய்தவரையும் பாலினம் சொன்னவரையும் ஒரே தராசில் வைக்கிறார்கள் என்று கதிரியக்க மருத்துவர்கள் 2016-இல் நாடு தழுவிய வேலைநிறுத்தமே செய்தார்கள். இந்தச் சிரமங்கள் உண்மையானவை. பிறக்காமல் போன பெண்களின் எண்ணிக்கையோடு சேர்த்தே அவற்றை எடைபோட வேண்டியிருக்கிறது.

பயன்பாட்டுக்கு வரம்பு போடுவதைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கிறார்கள். ஆய்வுக்கே வரம்பு என்றால்தான் குரல் உயர்கிறது. அறிவைத் தேடுவதைத் தடுக்க யாருக்கு உரிமை உண்டு என்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வுக்கு விழுந்த மிக முக்கியமான தடையை விதித்தவர்கள் அரசியல்வாதிகளோ மதத் தலைவர்களோ இல்லை. அந்த ஆய்வைத் தொடங்கிவைத்த விஞ்ஞானிகளே அதை விதித்தார்கள்.

ஒரு தொலைபேசி அழைப்பு

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பால் பெர்க் 1971-இல் ஒரு சோதனைக்குத் திட்டமிட்டிருந்தார். எஸ்.வி.40 என்பது குரங்குகளிடம் காணப்படும் வைரஸ். அதன் டி.என்.ஏ.வை வேறொரு வைரஸின் டி.என்.ஏ.வோடு ஒட்டவைத்து, ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பார்ப்பதே திட்டம். அவரது மாணவி ஜேனட் மெர்ட்ஸ் அந்தக் கோடையில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்துப் பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னார். அங்கே கற்பித்துக்கொண்டிருந்த ராபர்ட் பொல்லாக் என்ற ஆய்வாளருக்கு வயிற்றைக் கலக்கியது. எஸ்.வி.40 வெள்ளெலிகளுக்குப் புற்றுக்கட்டியை உண்டாக்கும். ஈ.கோலையோ மனிதக் குடலில் குடியிருப்பது. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? அவர் பெர்க்கைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.

பெர்க்குக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துப் பார்த்தார். ஆபத்து உண்டு என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. சோதனையை அவர் தள்ளிவைத்தார். பாக்டீரியாவுக்குள் செலுத்தாமல், டி.என்.ஏ.க்களை ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டு 1972-இல் கட்டுரை வெளியிட்டார். 1980-இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது.

1973-இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் ஓர் உயிரியின் மரபணுவை வெட்டி பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கும் எளிய வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை சிலரால் மட்டுமே முடிந்தது இனி எந்த ஆய்வகத்திலும் முடியும் என்றாகிவிட்டது. 1974 ஜூலையில் பெர்க் உட்பட 11 பேர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் முன்னணி அறிவியல் இதழ்களில் வந்தது. கோஹனும் பாயரும் ஜேம்ஸ் வாட்சனும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். குறிப்பிட்ட வகைச் சோதனைகளை, ஆபத்தை மதிப்பிடும் வரை, எல்லோரும் தாமாகவே நிறுத்திவைக்க வேண்டும் என்று கடிதம் கேட்டது. உலகின் ஆய்வகங்கள் அதற்குக் கட்டுப்பட்டன.

1975 பிப்ரவரி 24 முதல் 27 வரை கலிஃபோர்னியக் கடற்கரையில் அசிலோமார் என்ற இடத்தில் ஏறத்தாழ 150 பேர் கூடினார்கள். கூட்டம் சுமுகமாக நடக்கவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட வாட்சனே அங்கே கட்டுப்பாடு தேவையில்லை என்று பேசினார். மூன்றாம் நாள் மாலை வழக்கறிஞர்கள் எழுந்து, ஆய்வகத்தில் இருந்து ஏதாவது தப்பி யாருக்காவது நோய் வந்தால் சட்டப் பொறுப்பு யார் தலையில் விழும் என்று விளக்கினார்கள். அதைக் கேட்டபின் அரங்கின் தொனி மாறியது. விஞ்ஞானிகள் தத்துவத்தால் மட்டும் இணங்கினார்கள் என்று சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

அங்கே பிறந்த ஏற்பாட்டின் சிறப்பு, அது ஆபத்துக்கு ஏற்றபடி படிகளை அமைத்ததுதான். ஆபத்து குறைந்த சோதனைக்குச் சாதாரண ஆய்வகம் போதும். ஆபத்து கூடக்கூடக் காற்றழுத்தம் குறைத்த அறை, பூட்டிய கதவு, வடிகட்டிய காற்று. சில சோதனைகளை அப்போதைக்குச் செய்யவே கூடாது. உயிரியலாளர் சிட்னி பிரென்னர் இன்னொரு யோசனையும் தந்தார். சுவரை மட்டும் நம்பாமல் பாக்டீரியாவையே பலவீனமாக்கிவிடலாமே, ஆய்வகத்துக்கு வெளியே அது உயிர் பிழைக்காதபடி செய்யலாமே என்றார். அலபாமாவில் ராய் கர்டிஸ் என்பவர் ஓர் ஆண்டுக்கும் மேல் உழைத்து அப்படி ஒரு ஈ.கோலை வகையை உருவாக்கினார். இயற்கையில் எளிதில் கிடைக்காத ஒரு பொருளை ஊட்டினால்தான் அது வளரும். கட்டுப்பாடே ஒரு கண்டுபிடிப்பைக் கேட்டு வாங்கியது.

1976 ஜூன் 23-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இந்த நெறிமுறைகளை அதிகாரபூர்வமாக வெளியிட்டது. அனுபவம் சேரச்சேர, 1979 முதல் அவை படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. அஞ்சிய பேராபத்து நிகழவில்லை.

நகர்மன்றத்தில் ஒரு கன்னியாஸ்திரி

அசிலோமாரில் ஒரு பெரிய குறை இருந்தது. ஆய்வகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வசிப்பவர் எவரும் அங்கே இல்லை. அந்தக் குறை மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் வெடித்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அங்கே உயர்பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருந்தது. நகர மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சிக்கும் ஹார்வர்டுக்கும் நெடுநாள் பகை. நெறிமுறைகள் வெளியான அதே 1976 ஜூன் 23-இல் அவர் நகர்மன்றத்தில் பொது விசாரணையைக் கூட்டினார். விஞ்ஞானிகள் ஒலிவாங்கி முன் நின்று மேயரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பலர் அதை அவமானமாக நினைத்தார்கள். நகர்மன்றம் அந்த வகை ஆய்வை மூன்று மாதம் நிறுத்திவைத்தது.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட வேண்டிய பகுதி. நகரம் எட்டுப் பேர் கொண்ட குழுவை அமைத்தது. ஒரு மருத்துவர் இருந்தார். ஒரு கன்னியாஸ்திரி, ஒரு பொறியாளர், வீடுகளுக்குச் சூடேற்றும் எண்ணெய் விற்கும் வணிகர் ஒருவர், ஒரு சமூகப் பணியாளர் என்று மற்றவர்கள். மூலக்கூற்று உயிரியலாளர் ஒருவரும் இல்லை. மாதக்கணக்கில் மாலை நேரங்களில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். ஆதரிக்கும் விஞ்ஞானிகளையும் எதிர்க்கும் விஞ்ஞானிகளையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். 1977 ஜனவரியில் ஒருமனதாக அறிக்கை தந்தார்கள். ஆய்வு நடக்கலாம், ஆனால் மத்திய அரசு நெறிமுறையோடு கூடுதலாக ஊழியர்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கையேடும் வேண்டும், கண்காணிப்புக் குழுவில் நகர மக்களின் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்றார்கள். பிப்ரவரியில் அது நகரச் சட்டமாயிற்று.

பொதுமக்களை உள்ளே விட்டால் அறிவியல் செத்துவிடும் என்று அஞ்சியவர்கள் எதிர்பார்க்காதது அதன்பின் நடந்தது. விதி என்ன என்று தெளிவாகத் தெரிந்த ஊரில் முதலீடு செய்ய நிறுவனங்கள் தயங்கவில்லை. பயோஜென் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் அங்கே வந்தது. அதன்பின் பல வந்தன. கோவிட் தடுப்பூசி தயாரித்த மாடர்னாவின் தலைமையகமும் அதே கேம்பிரிட்ஜில்தான் இருக்கிறது.

இன்சுலின் கதையும் இங்கே சேர வேண்டும். பன்றி, மாடு இவற்றின் கணையத்தில் இருந்து எடுத்த இன்சுலினையே அதுவரை நீரிழிவு நோயாளிகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். மனித இன்சுலின் மரபணுவை பாக்டீரியாவில் வைக்கப் போட்டி நடந்தது. ஹார்வர்டின் வால்டர் கில்பர்ட் குழு மனித டி.என்.ஏ.வையே பயன்படுத்த முனைந்ததால், அதற்கு அனுமதியுள்ள மிகு பாதுகாப்பு ஆய்வகத்தைத் தேடி இங்கிலாந்தின் போர்ட்டன் டவுனுக்கு மூட்டை கட்டிப் போக வேண்டியிருந்தது. ஜெனன்டெக் நிறுவனமும் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வாளர்களும் மரபணுவை வேதிப்பொருள்களில் இருந்தே கட்டினார்கள். செயற்கை டி.என்.ஏ.வுக்கு அப்போது அந்தக் கட்டுப்பாடு பொருந்தவில்லை. 1978-இல் வென்றது அவர்கள்தான். 1982-இல் அந்த இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. வரம்பு ஒரு குழுவைத் தாமதப்படுத்தியது என்பது உண்மை. இன்சுலினைத் தாமதப்படுத்தவில்லை. 10 கோடிக்கும் அதிகமான நீரிழிவு நோயாளிகள் இருக்கும் இந்தியா அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

கல்கத்தாவில் நடந்தது

எல்லா வரம்பும் கேம்பிரிட்ஜ் மாதிரி அமைவதில்லை. வரம்பு எவ்வளவு கொடியதாக முடியும் என்பதற்கு இந்தியாவே சாட்சி.

உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25-இல் இங்கிலாந்தில் பிறந்தாள். 70-வது நாள், அக்டோபர் 3-இல், கல்கத்தாவில் இரண்டாவது குழந்தை பிறந்தது. பத்திரிகைகள் துர்கா என்று பெயரிட்டன. அதற்குக் காரணமான மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். ஹார்மோன் கொடுத்து அதிகக் கருமுட்டைகளை வளர்த்தார், உருவான கருவை உறையவைத்துப் பிறகு கருப்பைக்கு மாற்றினார். இன்று கருத்தரிப்பு மையங்களில் அன்றாடம் நடக்கும் வேலை இது. அன்று இங்கிலாந்துக் குழுவே உறையவைத்த கருவில் இருந்து குழந்தையைப் பெறவைக்கவில்லை.

மேற்கு வங்க அரசு அவரை விசாரிக்கக் குழு போட்டது. தலைமை ஒரு ரேடியோ இயற்பியலாளர். கருத்தரிப்பு ஆய்வில் பழக்கமுள்ளவர் குழுவில் இல்லை. அவர் சொல்வது நம்பத்தக்கது அல்ல என்று குழு முடிவு கட்டியது. ஜப்பானில் நடந்த கருத்தரங்குக்குப் போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் ஹார்மோன் ஆராய்ச்சியே வாழ்க்கையான அந்த மனிதரைக் கண் மருத்துவ நிறுவனத்துக்கு இடமாற்றம் செய்தார்கள். 1981 ஜூன் 19-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்ற பெயர் 1986 ஆகஸ்டில் மும்பையில் பிறந்த குழந்தைக்குப் போனது. அதைச் சாதித்த குழுவின் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமார் பின்னாளில் முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தார். முதல் பெருமை தமக்கு உரியதல்ல என்று 1997-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினார். தம் மகுடத்தைத் தாமே கழற்றி இறந்தவர் தலையில் வைத்த அந்தச் செயலுக்கு அறிவியல் உலகில் ஈடு சொல்வது கடினம்.

கல்கத்தா குழுவும் எட்டுப் பேரின் கேம்பிரிட்ஜ் குழுவும் துறை அறியாதவர்களைக் கொண்டவைதான். பிறகு ஏன் ஒன்று நகரத்தை வளர்த்தது, மற்றது ஒரு மனிதரைக் கொன்றது? கேம்பிரிட்ஜ் குழு தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு மாதக்கணக்கில் கற்றது. கல்கத்தா குழு தெரியும் என்ற நினைப்போடு உட்கார்ந்தது. கேம்பிரிட்ஜ் கேட்டது, என்ன நிபந்தனையோடு இதைச் செய்யலாம் என்று. கல்கத்தா கேட்டது, இவர் யார் இதைச் செய்ய என்று.

14 நாள்

இதே சோதனைக்குழாய்க் கருவை முன்வைத்துப் பிரிட்டன் வேறு வழியில் போனது. கருவை ஆய்வகத்தில் எத்தனை நாள் வளர்த்து ஆராயலாம் என்ற கேள்வி எழுந்ததும், 1982-இல் அரசு ஒரு குழுவை அமைத்துத் தத்துவ அறிஞர் மேரி வார்னாக்கைத் தலைவராக்கியது. மருத்துவர்கள், சட்ட வல்லுநர்கள், இறையியலாளர், சமூகப் பணியாளர் எனப் பலரும் அதில் இருந்தார்கள். கரு முதல் கணத்தில் இருந்தே மனிதர் என்பவருக்கும், அது வெறும் செல் கூட்டம் என்பவருக்கும் நடுவே பாலம் கட்டுவது முடியாத காரியம். வார்னாக் குழு அதற்கு முயலவில்லை. ஏறத்தாழ 15-வது நாளில் கருவில் ஒரு கோடு போன்ற அமைப்பு தோன்றுகிறது, அதன்பின் ஒரு கரு இரட்டையாகப் பிரியாது, தனி ஒருவரின் உடல் உருவாகும் தொடக்கம் அதுதான் என்பதைப் பிடித்துக்கொண்டு 14 நாள் என்று வரம்பு வைத்தது. நாளை யாரும் எண்ணிப் பார்க்கலாம். இன்ஸ்பெக்டருக்கும் புரியும், பாதிரியாருக்கும் புரியும். குழுவில் உடன்படாதவர்களின் மறுப்பும் 1984 அறிக்கையிலேயே அச்சாகியது. 1990-இல் அது சட்டமாகி, உரிமம் கொடுக்கவும் ரத்து செய்யவும் தனி ஆணையம் வந்தது.

பல நாடுகள் அந்த எண்ணை எடுத்துக்கொண்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறையிலும் அதே 14 நாள்தான். 30 ஆண்டுக்கும் மேல் அந்த விதியை மீற யாருக்கும் திறமையே இருக்கவில்லை. கருவை அத்தனை நாள் வெளியே வளர்க்கும் வித்தை கைவரவில்லை. 2016-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் 12, 13 நாள் வரை வளர்த்துக் காட்டி, விதிக்காகவே சோதனையை நிறுத்தின. 2021-இல் ஸ்டெம்செல் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம், தக்க பரிசீலனையோடு 14 நாளைத் தாண்ட இடம் கொடுக்கும்படி தன் நெறிமுறையைத் தளர்த்தியது. தொடக்கக் காலக் கருச்சிதைவுக்கும் பிறவிக் குறைகளுக்கும் விடை அந்த நாள்களுக்குள்தான் இருக்கிறது என்பது ஆய்வாளர் தரப்பு. இயலாதபோது மதித்துவிட்டு, இயலும்போது நகர்த்தும் கோடு என்ன கோடு என்பது மறுதரப்பு. இரண்டாவது கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. கோட்டை நகர்த்தலாம், ஆனால் அதைப் போட்டபோது கூடிய அத்தனை வகை மனிதர்களும் மறுபடி கூடி நகர்த்த வேண்டும். விஞ்ஞானிகளின் சங்கம் தனியே செய்கிற வேலை இல்லை அது.

வாய்ச்சொல்லாக நின்ற வரம்புகள்

2018 நவம்பரில், ஹாங்காங்கில் மனித மரபணுத் திருத்தம் பற்றிய உலக மாநாடு தொடங்கவிருந்த நேரத்தில், ஷென்சென் நகரின் ஹே ஜியான்குயி என்ற விஞ்ஞானி இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். கருவாக இருந்தபோதே கிரிஸ்பர் என்னும் மரபணுக் கத்தரியால் அவர்களின் மரபணு திருத்தப்பட்டிருந்தது. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கச் செய்ததாக அவர் சொன்னார். தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தாலும் குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கப் பாதுகாப்பான வழிகள் ஏற்கெனவே இருந்தன. திருத்தமும் நினைத்தபடி அமையவில்லை. அந்த மாற்றம் அந்தக் குழந்தைகளோடு முடியாமல் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் போகக்கூடியது.

அதற்கு மூன்றாண்டுக்கு முன், 2015 டிசம்பரில், வாஷிங்டனில் கூடிய முதல் மாநாடு, பாதுகாப்பு உறுதியாகாமலும் சமூகத்தின் பரந்த இசைவு இல்லாமலும் இப்படிச் செய்வது பொறுப்பற்றது என்று அறிவித்திருந்தது. அசிலோமாரை நடத்தியவர்களில் ஒருவரான டேவிட் பால்டிமோரே அந்த மாநாட்டுக்கும் தலைவர். ஆனால் 1975-இல் பலித்தது இப்போது பலிக்கவில்லை. சீனாவில் 2003 முதலே நெறிமுறை இருந்தது, மீறினால் தண்டனை என்ன என்பது அதில் இல்லை. அதனால் ஹேயை அனுமதியற்ற மருத்துவத் தொழில் செய்ததற்காகவே தண்டிக்க முடிந்தது. 2019 டிசம்பரில் மூன்றாண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தார்கள். திருத்திய கருவைக் கருப்பையில் வைப்பதையே குற்றமாக்கும் சட்டம் 2021-இல் வந்தது, குழந்தைகள் பிறந்தபின்.

அதே கிரிஸ்பரை நோயாளியின் ரத்தச் செல்களில் மட்டும் பயன்படுத்தி, அரிவாள் செல் சோகைக்கும் தலசீமியாவுக்குமான சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி தந்தது. இந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. கத்தரி ஒன்றுதான். பேச முடியாதவர்களின், இன்னும் பிறக்காதவர்களின் உடம்பில் அதை வைக்கிறோமா என்பதில்தான் வரம்பு இருக்கிறது.

தண்டனை இல்லாத வரம்பு போலவே, எட்டிப் பார்க்க வழியில்லாத வரம்பும் பயனற்றது. உயிரியல் ஆயுதங்களைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை அசிலோமார் முடிந்த அடுத்த மாதமே, 1975 மார்ச்சில், அமலுக்கு வந்தது. சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. கையெழுத்திட்ட சோவியத் ஒன்றியம், பயோபிரெப்பராட் என்ற அமைப்பின் பெயரில் அதே ஆண்டுகளில் நோய்க்கிருமி ஆயுதத் திட்டத்தை ரகசியமாக விரித்தது. 1979-இல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரின் ராணுவ வளாகத்தில் இருந்து ஆந்த்ராக்ஸ் காற்றில் கசிந்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சிதான் காரணம் என்று அரசு சாதித்தது. உண்மையை ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஒப்புக்கொள்ள 1992 ஆயிற்று.

முடிவில்லாத நிறுத்தம்

இந்தியாவில் அறிவியலுக்கு வரம்பு என்றதும் நினைவுக்கு வருவது பி.டி. கத்தரிக்காய். காய்ப்புழு கத்தரி விவசாயியைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. பறிப்புக்குப் பறிப்பு மருந்து அடிக்கிறார்கள். புழுவைக் கொல்லும் பாக்டீரிய மரபணுவைச் செடிக்குள் வைத்த ரகத்தை மஹிகோ நிறுவனம் உருவாக்கியது. அதை உள்ளூர் ரகங்களில் சேர்க்கும் பணியில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. 2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் குழு சம்மதித்தது. ஆனால் கத்தரிக்காய் இந்த மண்ணில் எண்ணற்ற ரகங்களாகப் பெருகியிருக்கும் பயிர், மக்கள் நேரடியாகச் சமைத்துச் சாப்பிடும் காய். எதிர்ப்பு மூண்டது. சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் 2010 ஜனவரி முதல் ஏழு நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்டார். அந்த ஏழில் தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை, பெங்களூரும் ஹைதராபாத்தும்தான் பக்கம். பிப்ரவரி 9-இல் நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

கேட்டது சரி. நிறுத்தியதையும் அன்றைய நிலையில் நியாயப்படுத்தலாம். எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற வேளாண் விஞ்ஞானிகளும் அவசரம் வேண்டாம் என்றே சொன்னார்கள். கோளாறு அதற்குப் பின்னால் வந்தது. எந்தச் சோதனைகள் மிச்சம், அவற்றை எந்த அமைப்பு, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று யாரும் வரையறுக்கவில்லை. சுதந்திரமான ஒழுங்குமுறை ஆணையத்துக்கான மசோதா 2013-இல் நாடாளுமன்றத்துக்கு வந்து, மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. 2013-இலேயே வங்கதேசம் அதே மரபணுவைக் கொண்ட கத்தரிக்கு அனுமதி தந்தது. 2019-இல் ஹரியானாவில் அனுமதியற்ற பி.டி. கத்தரி வயலிலேயே பிடிபட்டது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தின் அகோலாவில் விவசாயிகள் தடையை மீறி வெளிப்படையாகவே மரபணு மாற்றிய விதையை விதைத்தார்கள். கேம்பிரிட்ஜ் மூன்று மாதம் என்று தொடங்கி எட்டே மாதத்தில் விதியெழுதி முடித்தது. இங்கே விதியும் வரவில்லை, விடையும் வரவில்லை. விதை மட்டும் சந்தைக்கு வந்துவிட்டது, எந்தக் கண்காணிப்பும் இல்லாமல்.

பணம் யாருடையதோ

2023 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுத் துறையினர் பலர் ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார்கள். ஜிபிடி-4-ஐ விட ஆற்றல் மிக்க அமைப்புகளைப் பயிற்றுவிப்பதை ஆறு மாதம் நிறுத்துங்கள் என்று கேட்டது அது. 1974 கடிதத்தின் சாயல் அப்படியே இருந்தது. பெரிய நிறுவனம் ஒன்றும் நிறுத்தவில்லை.

காரணம் ஆட்களின் நல்லெண்ணத்தில் இல்லை. 1974-இல் மரபணு ஆய்வு பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடந்தது. தேசிய சுகாதார நிறுவனத்தின் நெறிமுறையை மீறினால் நிதி நின்றுபோகும். தனியார் நிறுவனங்களை அது சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை என்பது அன்றே தெரிந்த ஓட்டை. செயற்கை நுண்ணறிவில் அந்த ஓட்டைதான் இன்று முழு வாசல். முதலீட்டாளரின் பணத்தில், ஒருவரை ஒருவர் முந்தும் ஓட்டத்தில் இருப்பவரிடம் தானாக நில் என்றால் நிற்க மாட்டார். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் வழியைப் பிடித்தது. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அதன் சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. மனிதரின் நடத்தைக்கு மதிப்பெண் போட்டு அவரை நடத்துவது, இணையத்தில் இருந்து முகங்களை வகைதொகையின்றி அள்ளுவது, வேலையிடத்திலும் பள்ளியிலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பது போன்ற பயன்பாடுகளைத் தடை செய்கிறது. மீறினால் நிறுவனத்தின் உலகளாவிய வருவாயில் இருந்து அபராதம். ஸ்கேன் சென்டர் பலகைக்கு அது ஒருவகையில் உறவுமுறை.

கண்ணாடிக்குள் இருக்கும் உயிர்

இதுவரை சொன்ன பெரும்பாலானவற்றில் ஆய்வு முதலில் வந்தது, வரம்பு பின்னால் ஓடிவந்தது. 2024 டிசம்பரில் அந்த வரிசை மாறியது. 38 விஞ்ஞானிகள் சயின்ஸ் இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். பூமியில் உள்ள உயிர்களின் புரதங்களும் டி.என்.ஏ.வும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரே பக்கமாகத் திரும்பியவை, வலது கைக்கும் இடது கைக்கும் உள்ள வேறுபாடு போல. கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல எல்லா மூலக்கூறும் எதிர்ப்பக்கமாகத் திரும்பிய ஒரு பாக்டீரியாவை உருவாக்க முடிந்தால், நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அதைச் சரியாக அடையாளம் காணாமல் போகலாம். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ்களாலும் அதைத் தொட முடியாது. மனிதரும் விலங்கும் செடியும் ஒருசேரத் திறந்துகிடக்கும் நிலை அது.

அப்படி ஒரு உயிர் இன்று இல்லை. உருவாக்குவதற்கு 10 ஆண்டாவது ஆகும் என்பது அவர்கள் மதிப்பீடு. கையெழுத்திட்டவர்களில் சிலர் அந்தத் திசையிலேயே ஆய்வு செய்துகொண்டிருந்தவர்கள். பாதுகாப்பானது என்று வலுவான ஆதாரம் வராதவரை, முழுக் கண்ணாடி உயிரை உருவாக்கும் ஆய்வு நடக்கக்கூடாது, நிதி தருபவர்களும் அதற்குத் தரக்கூடாது என்றார்கள். தனித்தனிக் கண்ணாடி மூலக்கூறுகளை மருந்துக்காக ஆராய்வதை அவர்கள் எதிர்க்கவில்லை. அந்த மூலக்கூறுகள் உடம்பில் எளிதில் சிதைவதில்லை என்பதால் மருந்தாக நிலைக்கும். அசிலோமாரின் 50-ஆம் ஆண்டை ஒட்டி 2025 பிப்ரவரியில் அதே கடற்கரையில் கூடியவர்கள் பேசியவற்றில் இதுவும் ஒன்று. மூலக்கூற்றில் இருந்து முழு உயிருக்குப் போகும் பாதையில் எந்தப் படிக்கட்டில் கோட்டைப் போடுவது என்பதை அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.